இரண்டு டிஸ்கவுன்ட்டில் நிச்சயமான கல்யாணம்

2005-ஆம் வருஷம், மாசி மாதம். கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. பாத்திகளில் ஏறியிருந்த சேற்றை அள்ளவே ஆட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் கூலி வேலை பார்த்த என் அப்பா, இந்த வருஷம் உப்பு வாருவோமா மாட்டோமா என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்தா எனக்குக் கல்யாணம் நிச்சயமாக வேண்டும்!

நான் அப்போது பாண்டிச்சேரி பக்கம் ஒரு டிவி கம்பெனியில் வேலை பார்த்தேன். காலையில் கம்பெனி பஸ் வரும். ஈசிஆரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தென்னை இடுக்கில் கடல் எட்டிப் பார்த்துக்கொண்டே கூட வரும். எனக்கு வேலை ‘ஏஜிங் ரூம்’ என்று சொல்லும் பெரிய அறையில். புதிதாகப் பூட்டிய டிவிகளை வரிசையாக அடுக்கி மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். எதிலாவது படம் ஆடுகிறதா, கலர் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். சத்தம் துளிகூடக் கிடையாது. முதலில் கலர் பட்டைகள். அப்புறம் ஒரு சிடி போடுவார்கள். அதில் பூந்தோட்டம் வரும், ஆறு வரும், கடைசியில் பனிமலை வரும். அறை முழுக்க எல்லா டிவியிலும் ஒரே நேரத்தில் பனி கொட்டும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், நான் உள்ளே பனியில் நடப்பேன். சாயங்காலம் பஸ் ஏறினால்கூட அந்த வெள்ளை கண்ணை விட்டுப் போகாது. “ஏம்மா, முழிச்சிட்டுதான் இருக்கியா?” என்று சூப்பர்வைசர் கேட்பார். பாதி முழிப்புதான் என்று சொன்னால் வேலை போய்விடுமே, அதனால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு வருஷம் முடித்தவர்களுக்குப் பாதி விலையில் ஒரு டிவி தருவார்கள். ஊரில் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவும் அதற்காகத்தான். என்னை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம், “நல்லாருக்கியாம்மா? கம்பெனில எப்போ டிவி குடுப்பாங்க?” என்று ஒரே மூச்சில் விசாரிப்பார்கள்.

கல்யாணத்துக்குத் தரகு பேசியது என் பெரியப்பா. மாப்பிள்ளை இடையஞ்சாவடிக்காரர். மிலிட்டரியில், காஷ்மீர் பக்கம் மலைமேல் வேலை. பெரியப்பா என் அப்பாவிடம், “டேய், அவர்கிட்ட மிலிட்டரி கேன்டீன் கார்டு இருக்குது. ஃப்ரிட்ஜு கொள்ளை மலிவா வந்துடும். நீ தலையாட்டு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். அதே வேகத்தில் இடையஞ்சாவடிக்குப் போய், “பொண்ணு டிவி கம்பெனி. டிவி பாதி விலைக்கு வூடு தேடி வரும்” என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அவர்கள் டிஸ்கவுன்ட், அவர்களுக்கு எங்கள் டிஸ்கவுன்ட். டிவியும் ஃப்ரிட்ஜும் நாங்கள் போடுவது என்று பேசி முடித்தார்கள். ஜாதகத்தைப் பார்த்த நேரத்தைவிட இதைப் பேசிய நேரம்தான் அதிகம்.

எங்கள் பக்கத்தில் சீர் என்றால் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. வேனில் ஏற்றி, மேளத்தோடு மாப்பிள்ளை தெருவுக்குள் கொண்டுபோக வேண்டும். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல், மேலே அச்சடித்த படம் ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பார்கள். வேன் மொட்டையாகப் போனால் அப்பாவுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது.

மாப்பிள்ளை லீவில் பெண் பார்க்க வந்தார். வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை எல்லாம் ஜோடி ஜோடியாக நேராக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை, கதவிடுக்கில் நின்ற நான் கவனித்தேன். அவ்வளவுதான், என் கதை முடிந்தது!

லீவு முடிந்து போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போன் செய்வார். நான் ஒன்று சொன்னால் அது மலையேறிப் போய், அவர் பதில் இறங்கி வருவதற்குக் கொஞ்ச நேரமாகும். அந்த இடைவெளியில் கரகரவென்று காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதே எனக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க டிவியில் பனியைப் பார்க்கும்போதெல்லாம் இதில் எங்கேயோதான் அவர் நடந்துகொண்டிருப்பார் என்று தோன்றும்.

ஏப்ரல் பிறந்ததும் கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பாதி விலை என்பது போய், கால் பங்கு மட்டும் தள்ளுபடியாம். அதையாவது விட்டுவைத்தார்களா? சித்திரை முடிவதற்குள் இன்னொரு நோட்டீஸ். இனிமேல் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் விற்காமல் கிடக்கும் பழைய மாடலுக்குத்தான். அந்த விலைக்குத் திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் டிவி கிடைக்கும். அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். அவர், “போனா போவுது. ஃப்ரிட்ஜுல மிச்சம் புடிச்சிக்கலாம். மாப்பிள்ளை கார்டு இருக்குதுல்ல?” என்றார்.

அந்த ஞாயிறு போனில் அவர் குரலே சரியில்லை.

“ஒண்ணு சொல்லணும். கேன்டீன்ல முன்ன மாதிரி இல்ல. டிஸ்கவுன்ட்டை ரொம்பக் கொறைச்சிட்டாங்க. வெளிய வாங்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இங்கயும் அதே கதைதாங்க. எங்க கம்பெனியிலயும் கொறைச்சிட்டாங்க” என்றேன். காற்றுச் சத்தம். அப்புறம் அவரும் சிரித்தார். “அப்போ நாம ரெண்டு பேரும் இப்போ ஃபுல் ரேட்டா?”

சிரித்து முடித்ததும் அவர் தயங்கினார். “எனக்கு ஒண்ணும் வேணாம். சத்தியமா வேணாம். ஆனா எங்கம்மா டிவின்னா உசுரா இருக்காங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க” என்றார். அதோடு லைன் கட்டாகிவிட்டது.

நான் சுபாவத்திலேயே கோபக்காரி. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க மனசுக்குள் அவர் அம்மாவோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வரும் பெண்ணைவிட ஒரு பெட்டி பெரிதாகப் போய்விட்டதா என்று ஏஜிங் ரூமில் நடந்துகொண்டே கேட்பேன். டிவிகள் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும்.

கேன்டீனிலும் மலிவில்லை, அவர் அம்மாவுக்கோ டிவி வேண்டும் என்று நான் சொன்னதும் அப்பா முடிவே எடுத்துவிட்டார். பாத்தி வேலை இருந்த நிலைமையில் இரண்டையும் முழு விலைக்கு வாங்க அவரால் முடியாது. “வேன் போற அன்னிக்கு அசிங்கப்படறதுக்கு, இப்பவே போய்த் தலையைக் குனிஞ்சிட்டு கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்” என்றார். அந்தச் செருப்பு அடுக்கிய மனுஷனை விட மனசு வரவில்லை. நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். பெரியப்பா குதித்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கலாமா என்றார். “கல்யாணமே வேணாம்னு சொல்லத்தானே பெரியப்பா போறோம்? அப்புறம் எதுக்கு சாஸ்திரம்?” என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெரிய முதலியார்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி இடையஞ்சாவடியை நோக்கி உள்ளே நடந்தோம். செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, பழம் கனிந்து வாசனை தலையைச் சுற்றியது. அப்பா முன்னால் நடந்தார், நான் பின்னால். அந்த வழி முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

அது ஒரு கூரை வீடு. முன்பு வீடு பார்க்க வந்த எங்கள் வீட்டு ஆண்கள் வாசல் பந்தலிலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள், உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது உள்ளே போன அப்பா அண்ணாந்து பார்த்தார். குடிசைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் கரண்ட், ஒரே ஒரு பல்பு. பிளக் பாயின்ட் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. “இதுல ஃப்ரிட்ஜை எங்கம்மா மாட்டுவாங்க?” என்று என் காதில் கேட்டார். இத்தனை மாதமாக நாங்கள் எதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்!

அவர் அம்மா என்னைப் பார்த்துப் பதறிப்போய், பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவர். மூலையில் மண்ணால் புதிதாக ஒரு மேடை கட்டி, மெழுகிக் கோலம் போட்டிருந்தது. அதன்மேல் பூப்போட்ட புடவைத் துணியில் தைத்த உறை ஒன்று மடித்து வைத்திருந்தது. டிவிக்கு. கோட்டக்குப்பத்தில் ஒரு கடைக்குப் போய்ச் சாண் போட்டு அளந்துகொண்டு வந்து தைத்தாராம்.

அப்பா எப்படியோ சொல்லி முடித்தார். அவர் அம்மா அப்பாவைப் பார்க்காமல் அந்த மேடையைப் பார்த்தார். “டிவி வராதாண்ணா?” என்றார். அந்தக் குரலைக் கேட்டும் என் கோபம் அடங்கவில்லை. “ஒரு பல்புதானே அத்தை எரியுது? டிவியை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?” என்று வெடுக்கென்று கேட்டேன்.

“மீட்டர் மாத்தச் சொல்லி எம்புள்ள எழுதிக் குடுத்திருக்கான்மா, வந்துடும்” என்றார். பிறகு மெதுவாக, “ஒரு நாளு பக்கத்து வூட்டு டிவில பனிமலையைக் காட்டினாங்களாம். மிலிட்டரிக்காரங்க நடந்து போனாங்களாம். நான் தோப்புல இருந்தேன். ஓடியாறதுக்குள்ள போயிடுச்சு. எம்புள்ள இருக்கற எடத்தை ஒரே ஒரு தரம் பாக்கணும்மா. நம்ம வூட்டுல டிவி இருந்தா எப்போ காட்டினாலும் பாத்துடலாமில்ல? அவன்கிட்ட சொன்னா அங்க உக்காந்து அழுவான். அதான் சொல்லல” என்றார்.

வாரம் முழுக்க இவரோடா சண்டை போட்டேன்! எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. கம்பெனியில் தினமும் பனிமலையைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ பாத்திருக்கியா? எப்படிம்மா இருக்கும்?”

எப்படிச் சொல்வது? யோசித்துவிட்டு, “எங்க ஊரு உப்பளம் மாதிரி இருக்கும் அத்தை. பாக்கற எடமெல்லாம் வெள்ளை” என்றேன்.

“அதை வந்தா பாக்கலாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “வாங்க சம்மந்தியம்மா. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.” கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப் போன மனுஷன் வாயிலிருந்து ‘சம்மந்தியம்மா’ என்று வந்ததை அவரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வைகாசியில் ஒரு காலை முதல் பஸ்ஸில் அத்தை வந்தார். தாமதமாகத் தொடங்கினாலும் அந்த வருஷமும் உப்பு விளைந்துவிட்டது. சூரியன் அப்போதுதான் கடல் பக்கம் மேலே வந்திருந்தது. பாத்திகளில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வரப்பு நெடுகக் குவித்த உப்பு சின்னச் சின்ன மலைகளாக நின்றது. அப்பா முன்னால் போக, நாங்கள் இருவரும் வரப்பில் நடந்தோம். நடுவில் ஒரு இடத்தில் அத்தை நின்றுவிட்டார்.

“இதுலதான் அவன் நடப்பானா?”

“ஆமா அத்தை. ஆனா அங்க ரொம்பக் குளிரும்.”

அத்தை முந்தானையை எடுத்துத் தோள் இரண்டையும் சுற்றி இறுக்கிப் போர்த்திக்கொண்டார். வைகாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் நெற்றியில் வேர்வை வழிந்தது. அவர் மட்டும் போர்த்திக்கொண்டு, அந்த வெள்ளைக்குள் யாரோ தூரத்தில் வருவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது. வேனில் பாத்திரமும் பாயும் தலையணையும் மட்டும் போயின. தெருவில் யாரோ முணுமுணுத்தபோது, “நாங்கதான் வேணாம்னு சொன்னோம். உனக்கு எங்க வலிக்குது?” என்று அத்தை போட்ட போடில் மேளக்காரர்களே ஒரு நிமிஷம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு அப்பாவோடு நானும் கிளம்பிப் போகாமல் இருந்திருந்தால், மகன் நடக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடத் தவித்த தாயை, டிவிக்கு ஆலாய்ப் பறந்த பொம்பளை என்றே காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன்.