கள்ளிக்குத் தண்ணி ஊத்தாதீங்க

கள்ளி வளக்கிற தொழில்ல வெயில் எதிரி கிடையாது, ஆடு எதிரி கிடையாது. சொம்பும் கையுமா வந்து நிக்கிறான் பாருங்க நல்ல மனசுக்காரன், அவன்தான் எதிரி. கம்பெனி வாசல்ல தோட்டம் போட்டுப் பொழைச்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, "அட, நமக்கும் இதே கூத்துதானே"ன்னு தலையில அடிச்சிக்குவீங்க. அடிச்சிக்குங்க, நானும் கூட அடிச்சிக்கிறேன்.

எண்பதுகள்ல, ஓசூர் இன்னும் தர்மபுரி ஜில்லாவுல இருந்தப்ப, அங்க ஒரு பம்பு கம்பெனி. பேரு வேணாம். அங்க நான் மூணு வருஷமா கேஷுவல் தோட்டக்காரன். பர்மனென்ட் ஆளுங்களுக்கு நீலச் சட்டை உண்டு, பாக்கெட் மேல நூல்ல பேரு தச்சிருக்கும். எனக்குச் சட்டையும் கிடையாது, பேரும் கிடையாது. வீட்ல வச்ச பேரு அப்துல் மஜீத். கேட்டுக்குள்ள நுழைஞ்சா வெறும் பாய். எங்க ஜி.எம். பெங்களூர்ல எங்கயோ கல்லு அடுக்கி நடுவுல கள்ளியும் கற்றாழையும் வச்ச பாறைத் தோட்டத்தைப் பாத்துட்டு வந்து, நம்ம வாசல்லயும் வேணும்னு புடிவாதம் புடிச்சாரு. ஆளு எடுக்கிற பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் இது பட்டுப்போகாம நிக்கட்டும், உன்னை பர்மனென்ட் பண்றோம்"னாரு. வீட்ல போய்ச் சொன்னேன். பேரை எந்தக் கலர் நூல்ல தைப்பாங்கன்னுதான் என் சம்சாரம் மொதல்ல கேட்டா.

கல்லுக்கு கேட் பாஸ்

செடிக்குக் கஷ்டமே இல்லை. நாட்றாம்பாளையம் பக்கம் மலையடிவாரத்துல திருகுகள்ளி, யானைக் கற்றாழை, ஆடு மேய்க்கிறவங்க ஒடிச்சித் திங்கிற கள்ளிமுளையான் எல்லாம் சும்மா கிடக்குது. உருண்டைக் கள்ளி மட்டும் ஜி.எம். ஆசைக்காக பெங்களூர்ல வாங்கினது. கல்லுதான் என்னைப் படுத்தி எடுத்துச்சு. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு குவாரியில கழிச்சுப் போட்ட கல்லை லாரியில ஏத்திக்கிட்டு வந்தா, கேட்ல நிறுத்திட்டாங்க. மெட்டீரியல் உள்ள வந்தா நம்பர் வேணுமாம். வெயில்ல நின்னு ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டேன். நாப்பத்தோராவது கல்லு இறக்கும்போது ரெண்டா உடைஞ்சிருச்சு. அதை நாப்பத்தொண்ணு ஏ, நாப்பத்தொண்ணு பீ-ன்னு எழுதிக்கிட்டாங்கன்னா நம்புவீங்களா?

பர்ச்சேஸ் ஆபீசர் வெளிய வந்தாரு. குவியலை ஒரு பார்வை, சுத்தியிருக்கிற பாறைக் குன்றை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "பாய், தர்மபுரி ஜில்லாவுல கல்லை லாரி வச்சி வரவழைச்ச மொத ஆளு நீதான்."

வேற டிபார்ட்மென்ட்

செடி வச்ச வாரமே ஆரம்பிச்சிட்டாங்க. வாசல்ல முள்ளு இருந்தா விளங்குமா? கள்ளி வச்ச இடம் உருப்படுமா? லேத் மிஷின் பெல்ட் அறுந்தா கள்ளி. கேன்டீன்ல சாம்பார் புளிச்சா கள்ளி. போனஸ் பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சு, அதுக்கும் என் கள்ளிதான். ஃபிட்டர் கோவிந்தன்னு ஒருத்தன், கல்லாவி ஊர்க்காரன். தெனமும் உள்ள போகும்போது என் தோட்டத்தைப் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவான். கள்ளி மொகத்துல முழிச்சா அவனுக்கு ஆகாதாம்.

ஆயுத பூஜை வந்துச்சு. காலையில போய்ப் பாக்கிறேன், வரிசையில நாலு கற்றாழை வேரோட காணோம். மிஷின் ஷாப்புக்குள்ள நுழைஞ்சா மிஷினுக்கு மிஷின் என் கற்றாழை, மஞ்சள் குங்குமம் வச்சி, திருஷ்டிக்குத் தலைகீழா தொங்குது. நாலாவதைக் கட்டிக்கிட்டு இருந்தவன் யாரு? சாட்சாத் கோவிந்தன்! "ஏன்டா, உனக்குத்தான் என் தோட்டமே ஆகாதே?"ன்னேன். கொஞ்சமாச்சும் வெக்கப்படணுமே. கயித்துல முடிச்சு போட்டுக்கிட்டே சொன்னான்: "அது கள்ளி பாய், இது கற்றாழை. அது வேற டிபார்ட்மென்ட்."

வாயில்லா ஜீவன்

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். தண்ணி ஊத்தறவங்களைத்தான் பொறுக்கவே முடியாது. கள்ளி தனக்கு வேண்டிய தண்ணியை உடம்புலயே வச்சிருக்கும். மேல மேல ஊத்தினா வேரு அழுகிப்போகும். இதை வாட்ச்மேன் தாத்தாகிட்ட நானும் நூறு தடவை சொல்லிட்டேன். அவரு டீ கிளாஸ் கழுவின தண்ணி, கை கழுவின தண்ணி எல்லாத்தையும் உருண்டைக் கள்ளி தலையிலதான் கொட்டுவாரு. ஒரு நாள் கையும் களவுமா புடிச்சேன். கிளாஸைக் கவுத்துக்கிட்டே என்னை ஏதோ கசாப்புக்காரனைப் பாக்கிற மாதிரி பாத்தாரு. "வாயில்லா ஜீவன் பாய். அது கேக்காது, நாமதான் பாத்து ஊத்தணும்."

படிச்சிட்டுத்தான் ஊத்தினேன்

சரி, சொன்னாத்தான் ஏறலை, எழுதியாச்சும் வைப்போம்னு போர்டு வச்சேன். நம்ம ஊருக்கு ஒரு பாஷை பத்துமா? தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு வரி. எனக்குக் கன்னடம் சரளமா பேச வரும், படிக்கத் தெரியாது. பெயின்டர் சீனப்பாவுக்குப் படிக்கத் தெரிஞ்சது கன்னடம் மட்டும்தான்; தமிழும் தெலுங்கும் சீட்டுல எழுதிக் குடுத்தா பாத்து அப்படியே வரைஞ்சிடுவான். கன்னடத்தை மட்டும் அவன்கிட்ட வாயாலயே சொன்னேன்: ‘நீரு ஹாகபேடி’, தண்ணி ஊத்தாதீங்க. மஞ்சள் போர்டுல கருப்பு எழுத்து, பளிச்சுன்னு இருந்துச்சு. வாட்ச்மேன் தாத்தா எழுத்துக்கூட்டிப் படிச்சாரு, முணுமுணுத்துக்கிட்டே கிளாஸை வேற பக்கம் கவுத்தாரு. அப்பாடான்னு இருந்தேன்.

அப்புறம்தான் தோட்டம் முன்னைவிட வேகமா அழுகுது! உருண்டைக் கள்ளியைத் தொட்டா விரல் உள்ள போகுது. வருஷம் முடிய ஒரு மாசம்தான் பாக்கி. நான் தாத்தாவைத்தான் புடிச்சிக் கத்தினேன், பாவம் அவரு கண்ணு கலங்கிப் போச்சு. ஒரு நாள் மத்தியானம் மறைஞ்சி நின்னு பாக்கிறேன். பார்டர் தாண்டி அத்திப்பள்ளி பஸ்ல வர்ற கன்னடக்காரங்க சாப்பிட்டு முடிச்சி, டிபன் கேரியர்ல தண்ணி புடிச்சி, வரிசையா வந்து கைக்கு எட்டின ஒரு செடி விடாம ஊத்திட்டுப் போறாங்க! முன்னாடி நின்னவரு மில்லிங் மிஷின் ஓட்டற மஞ்சப்பா. "கண்ணு தெரியலையா, போர்டு இருக்குதே"ன்னு கன்னடத்துல பாஞ்சேன். அந்த மனுஷன் அசரவே இல்லை. தமிழ்லயே பதில் சொன்னாரு: "போர்டு படிச்சிட்டுத்தான் பாய் ஊத்தறோம். நீங்களே எழுதி வச்சிட்டு நீங்களே திட்டினா எப்படி?"

சீனப்பாவின் திருத்தம்

மஞ்சப்பாவே போர்டைப் படிச்சிக் காட்டினாரு. ‘நீரு ஹாகபேகு’. தண்ணி ஊத்தணும்! கடைசி எழுத்து ஒண்ணுதான் வித்தியாசம். ‘டி’ இருக்கவேண்டிய எடத்துல ‘கு’. அந்த ஒத்தை எழுத்துல என் ஒரு வருஷம் போச்சு.

பாகலூர் ரோட்ல இருக்கிற சீனப்பா கடைக்கு ஓடினேன். கோவத்துல எனக்கு வாய் குழறுது. அவன் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில நனைச்சிக்கிட்டே சாவகாசமா கேட்டுட்டு, என்னமோ எனக்கு உபகாரம் பண்ணினவன் மாதிரி சொன்னான்: "செடிக்குத் தண்ணி ஊத்தாதீங்கன்னு ஒலகத்துல எவனாச்சும் போர்டு வைப்பானா பாய்? நீ வாய் தவறிச் சொல்லிட்டேன்னு நான்தான் திருத்தி எழுதினேன்."

ஆபீசர் கேட்ட கேள்வி

அழுகினதைப் புடுங்கிட்டு மிச்சத்தைக் காப்பாத்தப் பாத்தேன். வருஷக் கடைசி நாள் பர்சனல் ஆபீசர் வந்தாரு. கல்லு எல்லாம் நம்பர் பிசகாம இருந்துச்சு. உசுரோட இருந்தது, யாரும் எட்ட முடியாத பாறை இடுக்குல நான் சொருகி வச்சிருந்த கள்ளிமுளையான் மட்டும்தான். நடந்ததை அப்படியே சொன்னேன். "சார், இதுல என் தப்பு எதுவும் இல்லை. இந்தச் செடிக்குத் தண்ணி வேணாம், உரம் வேணாம், யாரும் கிட்டவே போகாம இருந்தா போதும், தானா வளரும். அதோ பாருங்க"ன்னு இடுக்கைக் காட்டினேன். எனக்குச் சாதகமா பேசறதா நெனைச்சிக்கிட்டு இன்னும் ரெண்டு தடவை அழுத்திச் சொன்னேன். முட்டாப்பய நான்.

அவரு பொறுமையா கேட்டாரு. கோவமே படலை. ஃபைலை மூடி அக்குள்ல வச்சிக்கிட்டாரு. "அப்ப ஒண்ணு சொல்லு பாய். தானா வளர்ற செடிக்கு ஆளு எதுக்கு?"

செடிக்குத் தண்ணி காட்டாதீங்கன்னு நான் ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்தினதுக்கு, அந்தக் கம்பெனி கடைசியில எனக்குத் தண்ணி காட்டிருச்சு.