இரண்டுமே இடது பக்கம்

2006-ம் வருடம் நடந்தது. டெக்சாஸில் பேர்லேண்டில் இருந்தோம். எங்கள் கார் எப்போதும் தெருவில்தான் நிற்கும். கராஜில் விமானம் இருந்தது.

பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். அலுமினியத் தகடும் கம்பியும் பெட்டி பெட்டியாக வரும். நாமே வெட்டி, துளை போட்டு, ரிவெட் ஆணி அடித்துக் கட்ட வேண்டும். அந்த ஊரில் அப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு. என் கணவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஹூஸ்டனில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை அவருக்கு.

நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் விருதுநகரில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ரிவெட் அடிக்கும்போது பின்பக்கம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் கராஜுக்குள் போனேன். ஒரு நாள் தகடு வெட்டும் கத்தரியை அவர் கையிலிருந்து வாங்கி நானே வெட்டினேன். கோடு பிசகவில்லை. அதிலிருந்து வெட்டுவது என் வேலை ஆயிற்று. கோயிலில் பார்க்கிற பெண்கள், "என்ன ஆன்ட்டி, றெக்கைக்கு லைனிங் வச்சாச்சா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு வருவேன். உள்ளுக்குள் பெருமைதான்.

விமானத்தின் உடம்புக்கு இரண்டு நீள ஆங்கிள் உண்டு. நம் ஊரில் ஷெட் போட இரும்பில் வாங்குவோமே, அதே மாதிரி இரண்டு முகமாக மடிந்த கம்பி, அலுமினியத்தில். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, வால் வரைக்கும் ஓடும். பாரத்தைத் தாங்குவது அதுதான். முன் முனையில் ஒரு முகத்தை மட்டும் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும்.

இடது பக்கத்து ஆங்கிளை இருவரும் சேர்ந்து வெட்டினோம். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு வலது பக்கத்தை நான் எடுத்தேன். வெட்டி முடித்ததை அருகில் அதே வாக்கில் வைத்தேன். பார்த்துக் கோடு போட்டேன். அறுத்தேன். உள்பக்கம் வெளிப்பக்கம் ஒன்றுபோல் இருக்கிற டூ பை டூ துணியில் ஜாக்கெட் கை அப்படித்தான் வெட்டுவோம். ஒரே மாதிரி இரண்டு வெட்டி, ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்ற கை.

அரம் போட்டு, வலது பக்கம் வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. திருப்பினேன். அப்போதும் இல்லை. போக வேண்டிய முகம் இருந்தது, இருக்க வேண்டிய முகம் போயிருந்தது. இரண்டுமே இடது கால் செருப்பு.

அவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். திட்டவில்லை.

"விடு. போன இடத்துல ஒரு துண்டு வச்சு ரிவெட் அடிச்சிரலாம். மேல தகடு மூடிரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே வெட்டுறத நான் பாத்துக்கிறேன். நீ பிடிச்சா போதும்" என்றார்.

அது வலித்தது. ஆனால் அதைவிட ஒட்டுதான் என்னை உறுத்தியது. விமானம் பறக்க ஆரம்பித்ததும் முதலில் எங்கள் மகளைத்தான் ஏற்றுவது என்று பேசி வைத்திருந்தோம். கைக்குழியில் ஒட்டுப் போட்ட ஜாக்கெட் அங்கேதான் முதலில் கிழியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஒட்டு வேண்டாங்க. யார்கிட்டயாவது காட்டுவோம்" என்றேன்.

சனிக்கிழமை அந்த ஆங்கிளை என் பழைய சேலையில் சுற்றி, கார் கூரையில் கட்டி, பக்கத்தில் இருந்த சின்ன விமானத் தளத்துக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தபால் கொண்டு போய்ப் போடுகிற வேலை. தன் விமானத்தைத் தானே கட்டிப் பறக்கிறவர். எங்களுக்கு முன்பின் பழக்கம் இல்லை.

வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இந்த இடத்தில் ஒட்டு ஆகாது என்றார். என் அரைகுறை இங்கிலீஷுக்கே அது புரிந்தது. புதிதாக வரவழைக்க நாளாகுமே என்று என் கணவர் சொன்னார். அந்த மனிதர் உள்ளே போனார். ஒரு நீள ஆங்கிளோடு வந்தார். இதே விமானம் இன்னொன்று கட்ட அவர் வாங்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து எடுத்தது. உங்களுக்குப் புதியது வரும்போது அதை எனக்குக் கொடுங்கள், போதும் என்றாராம்.

என் கணவர் பென்சிலை எடுத்தார். அந்த மனிதர் கையைக் காட்டித் தடுத்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். ரம்பத்தை என்னிடம் நீட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. கணவர் முகத்தைப் பார்த்தேன்.

"உன்னையே வெட்டச் சொல்றாரு" என்றார் அவர். "இந்தத் தப்ப இனிமே செய்யவே மாட்டாத ஆள் இங்க நீ ஒருத்திதானாம்."

எங்கள் இடது ஆங்கிள் வீட்டில் இருந்தது. தப்பாய் வெட்டினதும் அதே மாதிரிதானே. அதையே புதியதுக்கு எதிரே, கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி வைத்தேன். கோடு போட்டேன். தையலுக்கு விடுவது போல் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு அறுத்தேன். என் கணவர் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீதியை அரத்தால் எடுத்தேன்.

மறுநாள் என் கணவர் கோடு போட்ட தகடு ஒன்றை மேஜையில் நான் நிற்கிற பக்கம் வைத்திருந்தார். மேலே கத்தரி.

புது ஆங்கிள் வந்ததும் அந்த மனிதரிடம் கொண்டு போய்க் கொடுத்தோம். இரண்டு வருடம் கழித்து எங்கள் விமானம் பறந்தது. சோதனைப் பறப்பெல்லாம் முடிந்ததும் என் கணவர் ஓட்ட, முதலில் மகள் போனாள். இறங்கி வரும்வரை நான் வானத்தைப் பார்த்தபடி நின்றேன். அந்த மனிதரும் என் பக்கத்தில் நின்றார்.

தப்பாய் வெட்டின ஆங்கிள் கராஜில் குறுக்கே இருக்கிறது. அதில் துணி காயப் போடுகிறேன். யாராவது ஒன்றைக் கெடுத்துவிட்டு என் முன்னால் தலைகுனிந்து நின்றால், அந்த மனிதர் அன்று நீட்டிய ரம்பம் ஞாபகம் வருகிறது. அந்த வேலையை மறுபடி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.