குடை விரிக்கக் கூடாத தெரு

திருத்தணியில் நெசவாளர் தெரு ஒன்றில் நிற்கிறேன். புயல் கண்காணிப்புப் பயிற்சிக்காகச் சென்னையிலிருந்து வந்திருப்பதைத் தெருவுக்கே சொல்லியாயிற்று. பையில் இருப்பவை: திசைகாட்டி, காற்றுவேகமானி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் குடை. வெப்பமானியில் வெயில் படக்கூடாது என்பது பயிற்சியின் முதல் விதி. குடையை விரிக்கிறேன்.

"மழைக்காரம்மா குடை புடிச்சிட்டாங்க! பாவ சுருட்டுங்கடா!"

தெரு நெடுக, தறிக்கான நீள இழைகளைப் பாவாக நீட்டிக் கஞ்சி பூசிக் காயவைத்திருக்கிறார்கள். ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொண்டு அத்தனையும் வீண். கூவிய நெசவாளர் முனுசாமியிடம் ஓடுகிறேன்.

"சுருட்டாதீங்க! வானத்துல ஒரு மேகம்கூட இல்லீங்க."

"நீ மட்டும் குடை புடிச்சிகினு நிப்ப, எங்க பாவு நனையணுமா?"

"குடை எனக்கில்லீங்க, வெப்பமானிக்கு."

"அதுக்கே பயம் வந்துடிச்சா!"

வேறு வழியில்லை. குடையை மடக்கி அவர் கையிலேயே கொடுக்கிறேன். உடனே தெரு அமைதியாகிறது. சுருட்டத் தொடங்கியவர்கள் மறுபடி விரிக்கிறார்கள். முனுசாமியின் மனைவி முறம் கொண்டுவந்து வெப்பமானிக்கு நிழல் பிடிக்கிறார். முறத்தைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. அளவு எடுத்து முடிக்கிறேன்.

பேருந்து நிலையம் வரை முனுசாமி என்னோடு வருகிறார், குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அடுத்த அளவு எடுக்க ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குடையை ஜன்னல் வழியாக நீட்டுகிறார்.

"அங்க எறங்கியும் தொறக்காதம்மா. எங்க மச்சான் தெருவுல பாவு போட்டுகினு இருக்கான்."