அடைக்காமல் விட்ட குழாய்

மேச்சேரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஜலகண்டாபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் சிமெண்டு காய்ந்து தோலை இழுத்தது.

வற்றிப்போன போர்வெல் குழாயின் வாயை அடைக்க என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டுக்காரம்மா. கணவர் கடற்படையில் இருந்தவர். காட்டு வேலையில் கறுத்த உடம்பு. தாடியை மட்டும் ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். பொழுது சாயும்போது ஸ்பேனரால் குழாயைத் தட்டிவிட்டுக் காது வைத்துக் கேட்பாராம்.

“கப்பல்ல தண்ணி ஏறுனப்ப இவருதான் கதவ அடச்சாருங்க. உள்ள ஆளுங்க இருந்தாங்களாம். மத்தவங்க பொழச்சாங்க. இப்ப எங்கிட்டப் பேச்சில்ல, அந்தக் குழாய்கிட்டத்தான். சோறும் திங்கறதில்லீங்க. சீக்கிரம் அடைச்சிடுங்க சாமி,” என்றார் அந்தம்மா.

குழைத்த சிமெண்டுச் சட்டியோடு போனேன். குழாயருகே இருந்த கணவர் தடுக்கவில்லை.

“உள்ளிருந்து தட்டுற சத்தத்தக் கேட்டுக்கிட்டேதானுங்க நான் அடச்சேன். நீங்களும் ஒருக்கா கேட்டுட்டு அடைங்க.”

ஸ்பேனர் தரையில் கிடந்தது. காது வைத்தேன். கீழே யாரோ தட்டினார்கள், நிதானமாக, விட்டு விட்டு.

சட்டியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். அந்தம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார், நான் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். தறி ஓடும்போது அங்கே வேறு எந்தச் சத்தமும் கேட்காது.