ரெமிஜியஸ் சொன்ன முதல் பாதி

விண்ணரசி மயிலாடுதுறையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் தங்கி, படுக்கையில் விழுந்தவர்களைக் குளிப்பாட்டுவாள், புரட்டிவிடுவாள், ஊட்டுவாள். தொண்ணூற்றாறு அக்டோபரில் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ரெமிஜியஸ் வீட்டில் இருந்தாள்.

ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் செபமாலையை முன்னின்று சொன்னவர் ரெமிஜியஸ். ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை அவர் சொல்ல, இரண்டாம் பாதியைக் கூடியிருப்பவர்கள் பதிலாகச் சொல்வார்கள். பக்கவாதம் வந்து வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. மிஞ்சியது ஒரே சொல்: நாத்து. காப்பிக்கும் நாத்து, கொசுவுக்கும் நாத்து, மூத்திரம் வந்தாலும் நாத்து.

“எத்தனை நாளைக்கு நாத்தங்காலிலேயே நிப்பீங்க பெரியப்பா? நடவுக்கு வாங்க,” என்பாள், அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே. அவர் இடது உதட்டால் சிரிப்பார்.

மகள் ஜாஸ்லின் குவைத்தில் நர்ஸ். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையில் போன் செய்வாள். அந்த வெள்ளி அம்மா மரியபுஷ்பம் ரிசீவரை அவர் வாயருகே பிடித்தாள். கரகரத்த குரலில் வழக்கமான ஒரு சொல் போயிற்று.

“இது அப்பா இல்லம்மா!” ஜாஸ்லின் கத்தியது விண்ணரசிக்கே கேட்டது. “பக்கவாதம்னு சொல்லி யாரையோ பேசவைக்கிறீங்க. மேலத்தெருவுல தாத்தா செத்ததை வெளிநாட்டுல இருந்த அவர் மகனுக்கு மூணு மாசம் கழிச்சுத்தானே சொன்னாங்க? அப்பாவை அடக்கிட்டீங்களா? அடுத்த வெள்ளி அவர் பேசலேன்னா கான்ட்ராக்டுல கையெழுத்துப் போட மாட்டேன். வந்துடுவேன்.”

வந்தால் திரும்பிப் போக விசா கிடையாது. மரியபுஷ்பம் ரிசீவரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அந்தி. மழை விட்டும் விடாத நேரம். வாய்க்கால் தண்ணீர் சுவருக்குள்ளேயே ஓடுவதுபோல் சத்தம். வெளிச்சம் மஞ்சள் கரைத்த நீராகி ஜன்னல் வழியே கட்டிலில் ஊறியது. மாதா கோயில் ஒலிபெருக்கியில் செபமாலை. விண்ணரசி அவர் முதுகுக்குப் பவுடர் போட்டபடி, தூக்கக் கலக்கத்தில், இரண்டாம் பாதியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முதல் பாதி ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. வாய் தானாகப் பதில் சொன்னது.

கரண்ட் போயிற்று. ஒலிபெருக்கி நின்றது.

ஆனால் அடுத்த முதல் பாதி வந்தது. கனத்த, தெளிந்த குரல். வயலிலிருந்து ஈரக்காலோடு யாரோ அறைக்குள் நடந்து வந்தமாதிரி. விண்ணரசி கையை நிறுத்தவில்லை. பதில் சொன்னாள். ரெமிஜியஸ் மறுபடி தொடங்கினார். செபமாலையில் அந்தப் பத்து மணிகளும் முடிந்தன.

“பெரியப்பா, தண்ணி வேணுமா?”

“நாத்து.”

மறுநாள் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியை விஜயலட்சுமி பார்க்க வந்தார். “தண்ணி கேக்கத் தெரியல, இது மட்டும் எப்படி டீச்சர்?” என்று அழுதாள் மரியபுஷ்பம்.

“பேச்சு போனவங்க சிலபேருக்குப் பாட்டும் செபமும் நிக்கும், பெரியம்மா. படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்காங்க,” என்றாள் விண்ணரசி. “ஆனா தானா ஆரம்பிக்கமாட்டேங்கிறார். காலையில நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.”

“ஒப்பிக்கிறதுன்னா அப்படித்தாம்மா. ஒப்புவிக்கிறது, ஒப்பிக்கிறதுன்னு தேஞ்சுபோச்சு. நம்மகிட்ட கொடுத்துவச்சதை அப்படியே கையில திருப்பிக் கொடுக்கிறதுன்னு பொருள். மனப்பாடம் தனியா உள்ளே கிடக்கும். கொடுக்கிறதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணுமே,” என்றார் விஜயலட்சுமி.

விண்ணரசி எழுந்தாள். கட்டிலை நகர்த்தி போன் பக்கத்தில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மணியடித்ததும் ரிசீவரை அவளே எடுத்தாள். “ஜாஸ்லின், எதுவும் கேக்காதே. செபமாலையில நீ சொல்ற பாதியைச் சொல்லு.” ரிசீவரை அவர் காதுக்கும் வாய்க்கும் பொருத்தினாள்.

கம்பிக்குள் கடல் இரைந்தது. மரியபுஷ்பம் பொறுக்கமாட்டாமல் தானே சொல்ல வாயெடுத்தாள். விண்ணரசி அவள் வாயைப் பொத்தினாள். எங்கோ வெகுதூரத்தில் ஒரு பெண் குரல், சின்னப் பிள்ளையின் ராகத்தில், இரண்டாம் பாதியைச் சொன்னது.

ரெமிஜியஸ் கண்ணை மூடினார். முதல் பாதியைத் தொடங்கினார். முடிக்கும் இடத்தில், ஏர்மாட்டை ஓட்டுவதுபோல் நாக்கை ஒரு தட்டு தட்டினார்.

 அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா தெரியாத ஒன்று. “செபத்துக்கு நடுவுல மாடு ஓட்டுறாரு... சாமியார் எத்தனை தடவை திட்டியிருக்காரு! அம்மா, அப்பாதாம்மா!”

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் சொன்னாள். பத்தும் ஆனது.

“கையெழுத்துப் போடறேன்,” என்றாள் ஜாஸ்லின். “ரெண்டு வருஷம் இல்ல, ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை தவறாம இதே மாதிரி அப்பாவைச் சொல்லவையுங்க.”

லைன் போயிற்று. ரெமிஜியஸ் அடுத்ததைத் தொடங்கியிருந்தார். மரியபுஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். விண்ணரசி நனைந்த தலையணை உறையை உருவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.