வயிற்று வலிக்கு வாயைப் பார்த்த டாக்டர்

போன வருடம் கோடை விடுமுறை. கோவில்பட்டியில் ஹாக்கிப் போட்டி களைகட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் தீப்பெட்டி ஆபீஸ் வேலை விட்டதும் ஜனங்கள் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே மைக்கில் வர்ணனை செய்பவன் நான். கால் இறுதி ஆட்டம் அனல் பறந்துகொண்டிருந்தபோது, வலது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. ஆட்டம் முடிவதற்குள் என்னால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே ஆபரேஷன் என்றார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் பெண் டாக்டர் வந்தார். டார்ச்சை அடித்து, "வாயை நல்லாத் தொறங்க அண்ணாச்சி" என்றார்.

"வலி வயித்துலல்லா இருக்கு! வாய எதுக்குப் பாக்குதீங்க?"

"மயங்கினதும் மூச்சுக்கு ஒரு குழாயத் தொண்டை வழியா உள்ள விடுவோம். போற பாதையைப் பாக்க வேண்டாமா?"

ஒவ்வொரு பல்லாக அசைத்துக்கொண்டே வந்தவர் முன்பல்லில் நின்றுவிட்டார். வாலிபத்தில் நான் கோல் கீப்பர். பந்து பட்டு உடைந்த பல்லுக்கு அப்போது தொப்பி மாதிரி ஓர் உறை மாட்டியிருந்தேன். அது கழன்று ஆடுவது எனக்கே தெரியாது!

"குழாய் விடயில இது மூச்சுக்குழாய்க்குள்ள விழுந்துட்டா பெரிய வம்பு" என்றார்.

வயிற்று வலியே மறந்துவிட்டது எனக்கு. "டாக்டரம்மா, பல்லு போனாப் போவுது. தொண்டைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது. அடுத்த வாரம் ஃபைனல் இருக்கு!"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வலியில துடிச்சிக்கிட்டுக் கெடக்காவ, இப்பவும் ஃபைனலாம்!"

ஆபரேஷன் செய்யும் டாக்டர் தயாராகி நின்று அவசரப்படுத்தினார். மயக்க மருந்து டாக்டரம்மாவோ அசையவில்லை. பல் டாக்டரைப் போன் போட்டு வரவழைத்து, அந்தத் தொப்பியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி என் மனைவி கையில் கொடுத்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்.

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. பேச வாயைத் திறந்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. போச்சு, குரல் போயே போச்சு என்று கண் கலங்கிவிட்டது. மயக்க மருந்து டாக்டரம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. உங்க தொண்டை வழி ரொம்பக் குறுகல். கேமரா வச்சுப் பாத்து, சின்னக் குழாயாத்தான் போட்டேன். ஒரு கீறல் இல்ல, குழாய் உரசுன எரிச்சல்தான். சத்தம் போடாம இருங்க, நாலஞ்சு நாள்ல சரியாயிரும்."

சரியானது! ஃபைனலன்று நாற்காலியில் உட்கார்ந்து, தையல்மேல் கையை வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். 'ஸ்டிக்' என்று சொல்லும்போதெல்லாம் தொப்பி இல்லாத பல் சந்தில் விசில் வந்தது. கூட்டம் கைதட்டி ரசித்தது. கடைசி நிமிடத்தில் பந்து வலைக்குள் பாய, "கோ...ல்!" என்று கத்தினேன் பாருங்கள், கணீரென்று வந்தது குரல்!

இப்போதெல்லாம் யார் ஆபரேஷன் என்று சொன்னாலும், "ஆடுத பல்லு, கட்டுன பல்லு இருந்தா மொதல்லயே சொல்லிருங்க" என்று பிடித்துக்கொள்கிறேன். நான் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் என் மூச்சுக்கும் குரலுக்கும் ஒருவர் காவல் இருந்தார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் மனசு நிறைந்து போகிறது.