பேஸ் குரலுக்கு எதற்கு வார்த்தை

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் வாலிபர்கள் ஐந்து பேர், வாத்தியம் எதுவுமில்லாமல் பாடிவந்தோம். எண்பதுகளின் கடைசி. ஆரம்பத்தில் சர்ச் பாட்டுப் புத்தகத்திலிருந்த ஞானப்பாட்டுதான். ஐந்து பேருக்கு நாலு குரல், நாலும் நாலு வழியில் போகும். வார்த்தை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அடியில் போகும் பேஸ் குரல் என்னுடையது. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். புத்தகத்தில் அச்சாகியிருப்பதை ஊர் முன்னால் நின்று வாய்விட்டுப் பாடுவது எனக்குச் சின்ன விஷயமில்லை.

பிறகு எங்கள் லீடர், கல்லூரிப் பேராசிரியர் மகன், ஒரு அமெரிக்க கேசட்டோடு வந்தான். அதில் பாடியவர்கள் வாயாலேயே தாளமும் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து எங்கள் பாட்டு மாறியது. வார்த்தை முழுக்க லீடருக்கு. மூன்று பேருக்கு ‘ஊ’. எனக்கு ‘தும், தும்’.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பம்மலிலிருந்து வந்த அம்மா, முடிந்ததும் சர்ச் வாசலிலேயே கேட்டாள்: “இன்னாடா, அவன் பாட்றான், நீ மாடு மாரி முக்கிகினு கீறே?”

அடுத்த பயிற்சியில், ஒரு சரணமாவது பழையபடி எல்லோரும் வார்த்தையோடு பாடலாம் என்றேன். லீடர் சிரித்தான்.

“மச்சான், நீ ‘தும்’ சொன்னா சர்ச்சே அதிருது. வார்த்தைய வாயில வெச்சா பம்மல் தோல் ஷெட் வாடை வருது.”

மற்ற மூவரும் சிரித்தார்கள். என் அப்பா அங்கேதான் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் வேலையில் இருந்தார். அது அவர்களுக்குத் தெரியும்.

“நான் வாய மூடினா ரெண்டாவது சரணத்துலயே சுருதி கீழ போயிடும். அப்ப இன்னாடா பண்ணுவே?”

“கீபோர்டு வாங்கிப்போம். அது எதிர்த்துப் பேசாது.”

வாங்கினார்கள். குழுவில் எனக்கு இடமில்லாமல் போனது. ஈஸ்டர் ஆராதனையில் ஒரு பட்டனை அழுத்த, என் ‘தும்’ வந்தது. சுருதி இம்மியும் இறங்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை.

அன்று நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பழைய ஞானப்பாட்டு ஒன்றைப் புது மோஸ்தரில் எடுத்தார்கள். எழுந்து நின்று, என் பழைய பேஸில், வார்த்தை விடாமல் முழுத்தொண்டையில் பாடினேன். முன் பெஞ்சு அக்கா திரும்பினாள்.

“தம்பி, அவங்க பாடட்டுமே.”

“எல்லாரும் பாடற சபைப் பாட்டுதானேக்கா.”

மேடையிலிருந்து லீடர் முறைத்தான். இரண்டாவது சரணத்தை இன்னும் சத்தமாக எடுத்தேன்.